ஹாலே நகரில் இரண்டு நாள்: நம் பயணக் கட்டுரைகள் காணத் தவறுவது

அயல்நாடு சென்று திரும்பியோர் எழுதும் கட்டுரைகளுக்குத் தமிழில் இன்று பஞ்சமில்லை. பெருகட்டும், மகிழ்வோம். கடல் கடந்தவன் சாதி கெட்டவன் என்று சாத்திரம் காட்டி மிரட்டிய நாடு இது. அந்த மிரட்டலைப் புறந்தள்ளி, தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி போன்ற சிற்றூர்களில் திராட்சைப் பந்தலின் கீழ்க் கவாத்துக் கத்தி பிடித்து உழைப்போரின் பிள்ளைகளும் ஜெர்மன் பல்கலைக் கழகங்களின் வாயிலை எட்டக்கூடிய காலம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாறுதல். ஆனால் கால் சென்ற தொலைவுக்குக் கண் சென்றதா? கண் சென்ற இடத்துக்குக் கருத்துச் சென்றதா? இக்கேள்வியை நம் பயண இலக்கியத்தின்முன் வைத்தே ஆகவேண்டும்.

முதன்முறையாக ஒரு நகரம். தங்கியது இரண்டே நாள். திரும்பியதும் ஒரு கட்டுரை. இவ்வகை எழுத்தை வரிசையாக எடுத்துப் படியுங்கள். மூன்றே வார்ப்படங்களில் அத்தனையும் அடங்கிவிடும்.

முதல் வார்ப்படம், பட்டியல். காலையில் கோபுரம், நண்பகலில் அருங்காட்சியகம், மாலையில் ஆற்றங்கரை, இரவில் இனிப்புக் கடை. உடன் சென்ற பெட்டிக்கு வாய் இருந்தால் அதுவும் இதையே எழுதும். இரண்டாம் வார்ப்படம், வியப்பு. தெருவில் குப்பை இல்லை, வண்டி நேரம் தவறவில்லை, வரிசையில் எவரும் முந்தவில்லை. ஆகா, அவர்கள் மனிதர்கள்! நாம்? என்று நெற்றியில் அடித்துக்கொள்வது. மூன்றாம் வார்ப்படம், உரிமை கொண்டாட்டம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு தமிழ்ச் சுவடியையோ, தமிழறிந்த வெள்ளையரையோ கண்டுபிடித்து, “பார்த்தீரா நம் பெருமையை!” என்று மீசையை முறுக்குவது.

பட்டியல் எழுதியவர் எதையும் சிந்திக்கவில்லை. வியந்தவர் தம்மை இழிவாக எண்ணினார். பெருமை பேசியவர் தம்மைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மூவரும் ஊருக்குப் போனார்கள் என்பது உண்மை. ஊரை அறிந்தார்களா என்பதே நம் வழக்கு.

இவ்வழக்கை உரசிப் பார்க்க ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அது, ஜெர்மனியின் சாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே. தமிழரின் வரலாற்றோடு அந்நகருக்கு உள்ள உறவு நெருக்கமானது. நம் பயணக் கட்டுரைகளின் மூன்று குறைகளையும் ஒருங்கே காட்டவல்ல நகரமும் அதுவே.

பட்டியல்காரர் அங்கே என்ன காண்பார்? சந்தைத் திடலில் ஐந்து கோபுரங்கள். நான்கு மாதா கோயிலுக்கு உரியவை, ஐந்தாவது தனித்து நிற்கும் சிவப்புக் கோபுரம். நடுவே, 1685இல் அவ்வூரில் பிறந்த இசைமேதை ஹாண்டெலின் சிலை. கோயிலுக்குள் மார்ட்டின் லூதரின் இறந்த முகத்திலிருந்து எடுத்த அச்சு. அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முந்திய நெப்ரா வான்தட்டு. கடைத்தெருவில், 1804 முதல் இயங்கிவரும் ஆலையின் சாக்லேட். இவ்வளவும் பார்க்க வேண்டியவையே. சாக்லேட்டைத் தின்னவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவற்றோடு ஏட்டை மூடிவிட்டால், ஹாலே ஏன் ஹாலே ஆயிற்று என்பது எழுதப்படாமலே போகும்.

ஹாலே பல்கலைக் கழகம் 1694இல் நிறுவப்பட்டது. அதன் தொடக்ககாலப் பேராசிரியர்களுள் தலையாயவர் கிறிஸ்தியான் தொமாசியுஸ். அவர் 1687இல் லைப்சிக் நகரில் இருந்தபோது செய்த குற்றம் என்ன தெரியுமா? பல்கலைக் கழகத்தில் இலத்தீனில் அன்றித் தம் தாய்மொழியான ஜெர்மனில் விரிவுரை நிகழ்த்தப் போவதாக அறிவித்தார். கற்றோர் முகம் சுளித்தனர். அறிவு இலத்தீனில்தான் உறையும், மக்கள் மொழி அதற்கு இடம் தராது என்பது அந்நாட்டுப் பண்டிதர்களின் நம்பிக்கை. இந்தப் பாட்டு நம் செவிக்குப் புதிதன்றே! தேவமொழி, நீசமொழி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புண்ணான காது அல்லவா நம்முடையது? சமயவாதிகளோடு மோதிய தொமாசியுஸ், 1690இல் லைப்சிக்கை விட்டு ஹாலேக்கு வந்தார். சூனியக்காரிகள் என்று பழிசுமத்திப் பெண்களைக் கொளுத்தும் கொடுமையை எதிர்த்து 1701இல் அங்கே ஆய்வுரை வெளியிட்டார். தாய்மொழிக் கல்வியும் மூடநம்பிக்கை எதிர்ப்பும் ஒரே மனிதரிடம் ஒன்றுகூடியது தற்செயல் அன்று. மக்கள் மொழியில் பேசத் துணிந்தவனே மக்களை அச்சுறுத்தும் பொய்யை உடைக்கவும் துணிவான்.

அதே நகரில் 1721இல் இன்னொரு நிகழ்ச்சி. தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தியான் வோல்ஃப், சீனரின் ஒழுக்கவியலைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். விவிலியத்தை அறியாத சீனரும் தம் பகுத்தறிவைக் கொண்டே உயர்ந்த ஒழுக்கநெறியைக் கண்டனர் என்பது அவ்வுரையின் சாரம். அவ்வளவுதான். கடவுள் அருளிய நூல் இல்லாமலும் மனிதன் நல்லவனாக வாழ முடியும் என்றால் எங்கள் கதி என்ன ஆவது என்று சமயத்துறையினர் கொதித்தெழுந்தனர். பகை வளர்ந்தது. 1723இல் பிரஷ்ய மன்னரின் ஆணை வந்தது: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் தூக்கு! வோல்ஃப் மார்புர்க் நகருக்குச் சென்றார். அடுத்த மன்னர் அரியணை ஏறிய 1740இல்தான் அவர் ஹாலேக்கு மீண்டார்.

டொரோத்தேயா எர்க்ஸ்லேபன் என்னும் பெண்மணி 1754இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றதும் அதே பல்கலைக் கழகத்தில்தான்; ஜெர்மனியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். இன்றைய கானா நாட்டுப் பகுதியிலிருந்து சிறுவயதில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அன்டோன் வில்ஹெல்ம் ஆமோ, 1727இல் அங்கே மாணவராகச் சேர்ந்து பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். ஐரோப்பாவில் வாழும் கறுப்பின மக்களின் உரிமை பற்றி 1729இல் அவர் நிகழ்த்திய வாதத்தின் ஏடு மட்டும் இன்று கிடைக்கவில்லை. எவருடைய ஏடு காக்கப்படுகிறது, எவருடைய ஏடு தொலைகிறது என்பதும் ஒரு வரலாறு. கோபுரத்தை எண்ணுவோர் இதையும் எண்ணட்டும்.

இனி நம்மவர் மீசை முறுக்கும் இடத்துக்கு வருவோம். ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் போதகர் 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கென ஹாலேயில் ஒரு பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லக் கட்டடம் எழத் தொடங்கியது. அதுவே பின்னர்ப் பள்ளி, அச்சகம், மருந்தகம், நூலகம் என்று ஒரு சிற்றூராக வளர்ந்தது. அந்நிறுவனத்தின் தொடர்போடு, டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் சீகன்பால்க். தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து ஹாலே அனுப்பியது. 1713இல் அவை தரங்கம்பாடியை அடைந்தன. எழுத்துகள் உருவில் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கவே, அவற்றைவிடச் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சு நிறைவுற்றது. 1716இல் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலேயில் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் ஆவணக் களரியில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன.

இவ்வளவையும் சொல்லி, “தமிழின் பெருமையே பெருமை!” என்று முற்றுப்புள்ளி வைப்பது நம் கட்டுரையாளரின் வழக்கம். முற்றுப்புள்ளி வைக்கும் அந்த இடத்தில்தான் உண்மையான கதை தொடங்குகிறது.

சீகன்பால்க் மதம் பரப்ப வந்தவர். அதில் நமக்கு ஐயமும் இல்லை, உடன்பாடும் இல்லை. ஆயினும் வந்த இடத்தில் அவர் பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துப் படித்தார், ஏடுகளைத் திரட்டினார், கேட்டார், கேட்டதை எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகிய நூல்களை 1708இல் ஜெர்மனில் பெயர்த்தார். 1711இல் தமிழரின் சமயத்தைப் பற்றியும் 1713இல் தெய்வங்களின் வரிசை பற்றியும் பெருநூல்கள் எழுதினார். அவற்றை ஐரோப்பா என்ன செய்தது? அச்சேற்ற மறுத்தது. புறச்சமயத்தை வேரறுக்க உம்மை அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற பொருள்பட ஃபிராங்கே மறுமொழி தந்ததாகப் பின்னாளில் பதிவு செய்திருக்கின்றனர். தெய்வங்கள் பற்றிய நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. சமயம் பற்றிய நூல் 1926 வரையிலும், நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 வரையிலும் காத்துக்கிடந்தன. அவை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன.

தோழர்களே, இந்த ஆண்டுகளை வோல்ஃபின் ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். விவிலியம் அறியாத தமிழரிடம் ஒழுக்கம் உண்டு என்பதற்குச் சான்றான நீதிநூல்கள் 1708இல் ஜெர்மன் மொழிக்கு வந்துவிட்டன, அவை அச்சேறவில்லை. விவிலியம் அறியாத சீனரிடம் ஒழுக்கம் உண்டு என்று 1721இல் ஒரு பேராசிரியர் மேடையேறிச் சொன்னார், அவர் துரத்தப்பட்டார். துரத்தியவர்கள் வேற்றூரார் அல்லர். வோல்ஃபை எதிர்த்த சமய அணியில் ஃபிராங்கேயும் இருந்தார். மறை நூல் இல்லாமலே மனிதன் மனிதனாக வாழ முடியும் என்ற ஒரே கருத்துக்கு அஞ்சி, ஒரே நகரம், ஒரு முறை ஏட்டையும் ஒரு முறை ஆளையும் அடைத்தது. ஹாலேயில் நிற்கும் தமிழன் சிந்திக்க வேண்டியது இதையல்லவா? சுவடிப் பெட்டியின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதுமா?

இன்னொன்றும் உண்டு. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் சீகன்பால்க் குழுவினரின் கேள்விகளுக்கு மடல்களில் விடை எழுதினார்கள். அவற்றுள் 99 மடல்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் வெளியாயின. ஐரோப்பியரின் குடியையும் தூய்மைக் குறைவையும் நடத்தைக் கேட்டையும் அம்மடல்களில் தமிழர் வெளிப்படையாகவே இடித்துரைத்தனர். எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இடம்பெறவில்லை. 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். ஜெர்மன் மண்ணில் முதன்முறை கால்வைத்த தமிழர்களுள் ஒருவர் அவர். அந்தப் பனியை, அந்தத் தெருவை, அந்த முகங்களை அவர் எப்படிக் கண்டார்? தமிழ்ப் பயண நூல்களின் வரிசையில் அவர் பெயரில் ஒரு நூலும் இல்லை. நம்மிடம் வந்த ஜெர்மானியன் நம்மைப் பற்றிப் பெருநூல்கள் எழுதினான். அங்கே சென்ற தமிழன் எழுத இடம் பெறவில்லை. முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், எழுத இடமும் இதழும் பெற்றிருக்கும் நாம், கோபுரத்தின் உயரத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்!

பெருமை பேசுவோர் மறைக்கும் பக்கமும் ஒன்று உண்டு. ஹாலேயிலிருந்து எழுத்து வந்தது. எழுத்தோடு சமத்துவம் வந்ததா? தரங்கம்பாடித் தேவாலயத்தில் உயர்ந்த சாதி எனப்பட்டோர்க்கு ஓர் இடமும் ஒடுக்கப்பட்டோர்க்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டன. ஹாலேக்கு அண்டையிலுள்ள லைப்சிக் நகரத்துச் சபையின் தலைவர் கார்ல் கிரௌல், திருக்குறளை 1856இல் ஜெர்மனில் வெளியிட்டவர். அவருடைய இலத்தீன் பெயர்ப்பு அவர் மறைவுக்குப்பின் 1865இல் வந்தது. வாழ்த்துவோம். ஆனால் பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று எனும் நெறியைக் குறளில் படித்த அதே கிரௌல், கிறித்தவருக்குள் சாதியைக் கடிந்து ஒழிக்க வேண்டியதில்லை, அது சமூக வழக்கம் என்று மென்மை காட்டினார். ஏனைய சபையினர் அதற்காக அவரை எதிர்த்தனர். குறளைப் பெயர்த்ததற்கு மாலை போடுவோர், சாதிக்கு இடம்விட்டதையும் அதே கட்டுரையில் எழுதினால்தான் அது திறனாய்வு. இல்லையேல் அது வாழ்த்துப்பா.

வியப்பாளரையும் விட்டுவிடலாகாது. ஹாலே, தொமாசியுஸ் வாழ்ந்த நகரம் மட்டும் அன்று. யூத மக்களைக் கொன்றுகுவித்த நாசித் தலைவர்களுள் கொடியவனான ஹைட்ரிக் 1904இல் பிறந்ததும் அங்கேதான். 2019 அக்டோபர் 9ஆம் நாள், யூதரின் நோன்பு நாளில், அவர்களுடைய வழிபாட்டு மன்றத்தைத் துப்பாக்கியோடு தாக்க வந்தான் ஓர் இனவெறியன். மன்றத்தின் கதவு உடையாமல் தாங்கியதால் உள்ளிருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவர் மாண்டனர். ஆகவே, அவர்கள் பிறவியிலேயே உயர்ந்தவர்கள் என்ற வியப்பும் பொய். நாம் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்ற வெட்கமும் பொய். பகுத்தறிவு ஒரு நாட்டின் மண்ணில் விளையும் கனிமம் அன்று. போராடிப் பெற்றால் இருக்கும். காவல் தளர்ந்தால் போகும். இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் நகரத்தைக் ‘குப்பையில்லாத் தெரு’ என்று இரண்டு சொல்லில் முடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

இந்த வியப்பு நோய் நமக்குத் தொலைவில் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் முடித்துத் தந்த பொறியாளர் பென்னிகுயிக்கை இப்பள்ளத்தாக்கு மறக்கவில்லை. சனவரி 15இல் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்பில் மணிமண்டபம் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். நன்றி பாராட்டுவது நல்ல பண்பு. ஆனால் பொறியாளரைக் குலதெய்வம் ஆக்கிக் கற்பூரம் காட்டினால் அது பொறியியலுக்குச் செய்யும் மரியாதையா? அந்த மலைக்காட்டில் கல் சுமந்து, காய்ச்சலுக்கு இரையான நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்களில் ஒன்றையேனும் நாம் சொல்ல முடியுமா? ஒருவரைத் தெய்வமாக்கும்போதே, உடன் உழைத்த பலரை இல்லாதவராக்கி விடுகிறோம். ஹாலேயில் ஃபிராங்கேயின் சிலையைப் பார்த்துவிட்டுப் பெயரில்லாமல் மடல் எழுதிய தமிழரை மறப்பதும், லோயர்கேம்பில் நிகழ்வதும் ஒன்றே.

“இரண்டு நாளில் இத்தனையும் எப்படி அறிவது? பாவம், முதன்முறை போனவரிடம் இவ்வளவு கேட்கலாமா?” என்று ஒருவர் வினவலாம். முறையான வினா. விடை இது: குறை, நாள் குறைவில் இல்லை. போகும் முன்னர் படிக்காததிலும், போன இடத்தில் கேட்காததிலும், வந்தபின் எல்லாம் அறிந்தவர்போல் எழுதுவதிலும் இருக்கிறது. 1931 டிசம்பரில் புறப்பட்டு 1932 நவம்பரில் திரும்பிய பெரியாரின் ஐரோப்பியப் பயணத்தில் ஜெர்மனியும் ஓர் இடம். கோபுரங்களைத் தேடியா அவர் சென்றார்? மக்கள் எப்படி அமைப்புகளாகத் திரண்டிருக்கிறார்கள், தொழிலாளி எப்படி வாழ்கிறான், பெண் எவ்வளவு உரிமை பெற்றிருக்கிறாள், மதத்தின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தேடினார். மொழி தெரியாத நாடு என்பது அவருக்குத் தடையாக இல்லை. கேள்வியோடு சென்றவர் விடையோடு திரும்பினார். ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வெளிவந்த நூல். அவருடைய நடையில் நாம் கற்க வேண்டியது அடக்கம். கண்டதைச் சொல்வார், காணாததைக் கதைகட்ட மாட்டார், தம்மை முன்னே நிறுத்தி ஊரைப் பின்னே தள்ளமாட்டார். இரண்டு வழிகாட்டிகள் நம் மொழியிலேயே இருக்கையில், விடுதி அறையின் மெத்தையை ஒரு பத்தி வருணிக்கும் எழுத்தை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

ஓடைப்பட்டி இளைஞன் ஒருவன் நாளை ஹாலேக்குப் போகிறான் என்று கொள்வோம். அங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில், சாலே, உன்ஸ்ட்ரூட் ஆறுகளின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும் கொடிகள் அவை. நம் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்; கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆண்டுக்கு ஒரு காய்ப்பை வைத்துக்கொண்டு அந்த உழவன் எப்படி வாழ்கிறான்? அங்கே திராட்சை விளைவிப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து பிழிந்து, தாமே விற்கிறார்கள். இங்கே பழம் பழுத்து உதிரும் நேரம் பார்த்து வியாபாரி சொல்வதே விலையாகிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது? மண்ணாலா, சட்டத்தாலா, சங்கத்தாலா? அந்த இளைஞன் அரை நாள் அங்கே நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டு, கிடைத்த விடையைத் தமிழில் எழுதினால், ஐந்து கோபுரங்களை வருணித்த ஐம்பது கட்டுரைகளைவிட அது மேலான பயண இலக்கியம்.

ஆகவே பயணம் செல்லும் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள். எந்த நகரத்தில் நின்றாலும், இதைக் கட்டியவர் யார், இதிலிருந்து விலக்கப்பட்டவர் யார், இதனால் என் தெருவுக்கு என்ன பயன் என்று கேளுங்கள். மூன்று விடைகளையும், நல்லதும் அல்லதும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஊர்ப் படிப்பகத்தில், கடல் கடக்க வாய்ப்பில்லாத ஒரு திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் முன்னே உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் உங்கள் கட்டுரை வென்றது. மலையப்பனுக்குக் கிடைக்காத காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. அதில் கோபுரத்தின் அளவை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.